எமன் சட்டை

பிளேடைப் பாதியாக ஒடித்து ஒரு பக்கம் காகிதம் சுற்றிப் பிடித்திருக்கிறேன். அக்குளில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் பிரிக்க வேண்டும். எல்லாத் தையலையும் அறுக்க வேண்டியதில்லை, ஒன்றை அறுத்துக் கொஞ்சம் விட்டு அடுத்ததை அறுத்தால் போதும், அப்புறம் துணியை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தால் நூல் தானாகக் கழன்று வந்துவிடும். வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். எனக்கு எதுவும் வேகமாக வராது, பேச்சு கூட வராது, இவகிட்ட ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள உலையில அரிசி வெந்துரும் என்று அத்தை சொல்வார்கள். கறுப்பு வெல்வெட். வெல்வெட்டில் ஒரு தொந்தரவு, ஊசி போன இடம் அப்படியே நிற்கும், தையலைப் பிரித்தாலும் சின்னச் சின்னப் பொட்டாக வரிசை தெரியும், இஸ்திரி போட்டாலும் போகாது, இஸ்திரி போட்டால் மினுமினுப்புதான் போகும். என் கொழுந்தன் இதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது விலாவில் அந்த வரிசை தெரியும். தெரியட்டும், யார் பார்க்கப் போகிறார்கள், எமன் விலாவை யார் பார்ப்பார்கள், எல்லாரும் மீசையைத்தான் பார்ப்பார்கள். இது எமன் சட்டை. குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு எங்கள் ஊர் வேஷக் குழுவில், செட்டு என்போம், எமன் வேஷம் கட்டுகிற ஆள் போடுவது. மூன்று வருஷம் நான் போட்டேன். என் வேண்டுதல் போன வருஷத்தோடு முடிந்துவிட்டது, இந்த வருஷம் என் கொழுந்தன் போஸ் கட்டப் போகிறான், அவனுக்குச் சிங்கப்பூர் போக வேண்டும், விசா வர வேண்டும், நெஞ்சும் அகலம், அதனால் நான் பிடித்த தையலை நானே பிரித்துவிட வேண்டும். மதினி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுருங்க என்று காலையில் சட்டையை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனான். சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்பேன், சரி என்பதற்கு வாய் ரொம்பத் திறக்க வேண்டாம். பிளேடு விரலில் பட்டுவிட்டது. வலிக்கவில்லை. இந்த ஒரு மாசமாக எதுவும் சரியாக வலிக்கவில்லை. துணியில் துடைத்தேன், கறுப்பில் ரத்தம் தெரியாது, நல்லதுதான். உள்ளே என் மகள் அபிஷா இருமுகிறாள். வெறும் இருமல். அடுத்த இருமல் வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை. சும்மா பிஸ்கட் துணுக்கு போயிருக்கும்.

முதலில் இந்தச் சட்டையை அபிஷா அப்பா அளவுக்குத்தான் வெட்டினேன். பிள்ளைக்கு ஜுரம் வந்து வலிப்பில் வெட்டி வெட்டி இழுத்தபோது பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள், நான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தேன், டாக்டர் அம்மா என்ன சொன்னார்களோ எனக்குப் பாதி புரியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. அப்போது மனசுக்குள் சொன்னேன், முத்தாரம்மா, பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடு, அவளைக் கொண்டு போக வந்தவன் வேஷத்தையே கட்டிக்கொண்டு மூன்று வருஷம் உன் வாசலுக்கு வருகிறேன் என்று. ஏன் எமன் என்று நினைத்தேன், தெரியாது. குறத்தி வேஷம் இருக்கிறது, அம்மன் வேஷம் இருக்கிறது, பெண்கள் அதைத்தான் கட்டுவார்கள். அந்த நேரம் வராந்தாக் கடைசியில் அவன் நிற்பது போலவே இருந்தது, அதனால் அவன் பெயர் வந்துவிட்டது. பிள்ளை பிழைத்தாள். வீட்டில் சொன்னபோது அத்தை தலையில் கை வைத்தார்கள், வீட்டுக்கு வந்த பொம்பளை மீசை ஒட்டிக்கிட்டுத் தெருத்தெருவா காணிக்கை கேக்கவா, அதுலயும் தீட்டு கீட்டுன்னு வந்தா விரதம் என்ன ஆவது என்று. அவள் சார்பில் நான் கட்டுகிறேன் என்று அபிஷா அப்பா சொன்னார், சொல்லிவிட்டு வாழைத்தார் ஏற்றப் போய்விட்டார், நானும் நிம்மதியாக அவர் அளவுக்கு வெட்டித் தைத்துவிட்டேன். ஆனால் செட்டுத் தலைவர் தவசிக்கனி மாமா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு, காப்புக் கட்டுவதற்கு முன்னால் வேஷம் கட்டுகிற ஆள் அவர் முன்னால் நின்று இன்ன வேஷம், இன்னாருக்காக என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாயால் சொல்ல வேண்டும். யாரு வாயி நேந்துச்சோ அந்த ஒடம்புதான் கட்டணும், மாத்திக் கட்டுனா அம்மா ஏத்துக்கமாட்டா என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எமன், என் பிள்ளைக்கு என்று நான் சொன்னது முன்னால் நின்ற நாய்க்குக்கூடக் கேட்டிருக்காது. மாமாதான் நான் சொன்னதை இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து சட்டையை இரண்டு பக்கமும் என் அளவுக்குப் பிடித்துத் தைத்தேன். தீட்டு தள்ளிப்போக மாத்திரை தின்றேன். போஸ்தான் முகத்தில் நீலமும் கறுப்பும் குழைத்துப் பூசினான், மீசைக்குப் பசை தடவினான், அந்தப் பசை வாடை மூக்குக்குள் போய் மண்டையில் ஏறி நின்றது. கண்ணாடியில் ஒருத்தன் இருந்தான். நான் பயப்படவில்லை. அவன் என்னைப் பார்த்தான், நான்தான் கண்ணைத் தாழ்த்தினேன்.

எமன் என்றால் வாசலில் நின்று சிரிக்க வேண்டும், அதுதான் வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தெரு முழுக்கச் சும்மா நின்றேன், அபிஷா அப்பா தட்டை நீட்டினார், அரிசி போட்டார்கள், வந்தோம். டீக்கடைப் பக்கம் வரும்போது பெஞ்சில் இருந்த ஒருத்தன், எமனுக்கு வெக்கம் வந்துட்டுல, முந்தானை இருந்தா மூடிக்கிடுவாரு என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அபிஷா அப்பாவும் லேசாகச் சிரித்தார். எனக்குக் கோபம் இல்லை. எப்போதும் நடப்பதுதான், ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போன இடத்தில், எங்கேயும் என் வாய்க்கு முன்னால் மற்றவர்கள் சிரிப்பு வந்துவிடும். ஆனால் அன்றைக்கு அடிவயிற்றில், பிள்ளை இருந்த இடத்துக்கும் கீழே, ஏதோ உருண்டது, உருண்டு மேலே வந்தது, நான் சிரித்தேன். நான்தானா தெரியாது. கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது. கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த ஆளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன், காலை அகட்டி உட்கார்ந்தேன், அப்படி நான் வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட உட்கார்ந்ததில்லை. ஏல, டீயக் குடிச்சு முடி, நான் இருக்கேன், ஒண்ணும் அவசரம் இல்ல என்றேன். அவன் குடிக்கவில்லை. அதற்கப்புறம் என் வாய் நிற்கவில்லை. ஒரு வீட்டில் புருஷன் குடித்துவிட்டு முற்றத்தில் கிடந்தான், அந்த அக்கா வாசலுக்கு வந்து, எமராசா, இந்தா கெடக்காரு, தூக்கிட்டுப் போறீரா என்று கேட்டது. வேண்டாம் தாயி, போன தடவ இவன மாதிரி ஒருத்தனக் கொண்டு போனேன், என் எருமைய வித்துக் குடிச்சிட்டான், அதான் இப்ப குட்டியானை வண்டில வாரேன் என்றேன். அந்த அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது, கிடந்தவன்கூடச் சிரித்தான். இதெல்லாம் எங்கே இருந்தது. எனக்குள் யார் இதையெல்லாம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து மீசையை எடுத்ததும் அத்தை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டினேன். அப்புறம் போன வருஷம் அந்த நீலக் கம்பிக் கதவு வீடு. அதை நினைக்க வேண்டாம். நினைக்காமல் இருந்தால் தையல் நேராகப் பிரியும். அங்கே ஒரு பெண் கையில் அரிசி இல்லாமல் வந்து நின்றாள், என் வயசுதான் இருக்கும், என்னைவிட ஒன்றிரண்டு கூட. கொட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், கொட்டை நிறுத்திவிட்டார்கள். அவள் என் மீசையைப் பார்க்கவில்லை, கிரீடத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மட்டும் பார்த்து, பையன் அங்க நல்லா சாப்பிடுதானா என்று கேட்டாள். அபிஷா அப்பா தரையைப் பார்த்தார். எனக்குத் தெரியும், நானாக இருந்தால், இந்த வெயிலாச்சியாக இருந்தால், ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். எமன் சொன்னான், மொதல்ல சாப்பிடல, இப்ப சாப்பிடுதான் தாயி. அவள் கொஞ்சம் யோசித்தாள். மொச்சை போட்டா ஒதுக்கிருவான் என்றாள். ஒதுக்குனா ஒதுக்கட்டும், நான் வைய மாட்டேன் என்றான் எமன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டுவந்து போட்டாள், தலை தட்டிப் போட்டாள், யாரிடமும் கடன் இல்லாத மாதிரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அபிஷாவுக்குச் சோறு ஊட்ட முடியவில்லை, கை நடுங்கியது, அத்தைதான் ஊட்டினார்கள். நடுங்கினாலும் அது என் கை. இப்போது நடுங்கக்கூட இல்லை. அதுதான் வித்தியாசம்.

ஒரு பக்கம் பிரித்தாகிவிட்டது. நூல் துணுக்கையெல்லாம் விரலால் கிள்ளி எடுக்கிறேன், மடியில் சின்னச் சின்னப் புழுவாகக் கிடக்கிறது. இன்னொரு பக்கம் இருக்கிறது. நேற்று போஸ் கிரீடத்தை வைத்துக்கொண்டு சிரித்துக் காட்டினான், மூக்கால் சிரிக்கிறான், பழைய ஸ்கூட்டரை உதைக்கிற மாதிரி, வரும் வரும் என்று பார்த்தால் வரவில்லை. அபிஷா கைதட்டி, சித்தப்பா இருமுதாவ என்றாள். நீங்க எப்பிடி மதினி சிரிப்பிய, காட்டுங்க என்றான், நல்ல பிள்ளை, கேலியாகக் கேட்கவில்லை. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்கள், பல்லி கத்தியது, காற்றுதான் வந்தது. அப்படியென்றால் சிரிப்பு மீசையில்தான் இருந்ததா. பசையில் இருந்ததா. மீசை போஸிடம் போனால் சிரிப்பும் அவனிடம் போக வேண்டுமே, போகவில்லையே, அவனிடமும் இல்லை என்னிடமும் இல்லை, எங்கே இருக்கிறது அது. இப்படித்தான் போய்ப் போய் அந்த இடத்தில் முட்டுகிறது. போன மாசம் மழை பெய்த மறுநாள் அபிஷாவுக்கு உடம்பு சுட்டது. நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. பயம் வருவதற்கு முன்னால், பயத்துக்கு ஒரு நூல் முன்னால், மூக்கில் அந்தப் பசை வாடை வந்தது. வாடை மட்டும்தான். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, ஆனால் உள்ளே ஏதோ எழுந்து உட்கார்ந்தது, அது எனக்குத் தெரியும். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் நேர்ந்துகொள்ளலாம், நேர்ந்துகொண்டால் கட்டலாம். இப்படி நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றால் வாடை ஏன் வந்தது. அப்புறம் பயம் வந்தது, அது பிள்ளைக்கான பயமா என்னைப் பார்த்தே வந்த பயமா பிரிக்க முடியவில்லை, அதில் போய் பிளேடு வைக்க இடமில்லை. சாதாரணக் காய்ச்சல், மருந்து கொடுத்தோம், விட்டுவிட்டது, பிள்ளை ஓடி விளையாடினாள். நான்தான் அப்படியே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் இறக்கினால்கூட வைத்த பிறகுதான் சுட்டது என்று தெரிகிறது. அந்த வாரம்தான் போஸ் வந்து கேட்டான், மதினி, ஒங்களுக்கு வேண்டுதல் முடிஞ்சிட்டுல்லா, எமன எனக்குத் தாங்க என்று. அவன் முடிப்பதற்கு முன்னால் தலையாட்டிவிட்டேன். போய்விடட்டும், வீட்டை விட்டு என்றில்லை, என்னை விட்டாவது போகட்டும், எனக்கு அது வேண்டும் என்றால் இந்த வீட்டில் யாராவது நோயில் படுக்க வேண்டும், அப்படியென்றால் எனக்கு வேண்டாம். அத்தைக்கு நிம்மதி. அபிஷா அப்பா மட்டும், ஒனக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லியே என்றார், இல்லை என்றேன், அவரும் விட்டுவிட்டார், ஆனால் போகும்போது திரும்பி ஒரு தடவை பார்த்தார். எதைப் பார்த்தார்.

எங்கள் செட்டுச் செல்லப்பாண்டி அண்ணன் ஞாபகம் ஏன் வருகிறது இப்போது. வருஷம் முழுக்க மினிபஸ் ஓட்டும், தசராவுக்குச் சேலை கட்டும். அதன் பெண்டாட்டிதான் மடிப்பு எடுத்துப் பின் குத்திவிடும், கனகாம்பரம் வைத்துவிடும், தெருவில் போகும்போது அந்த அண்ணன் கையை வீசுகிற அழகைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும், பெண்ணாகப் பிறந்தும் எனக்கு அப்படி ஒரு தடவையாவது கை வீச வந்திருக்கிறதா. போன வருஷம் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம், எமனும் சேலை கட்டின அண்ணனும், ஒரு தேங்காய்ச் சில்லை ஆளுக்குப் பாதியாகக் கடித்துக்கொண்டு. மீசை அரிக்கிறது என்று சொன்னேன். அரிக்கத்தான் செய்யும், எடுத்தப்புறம் அதவிட அரிக்கும் பாத்துக்கோ என்றது. உங்களுக்கு என்ன வேண்டுதல் அண்ணே என்று கேட்டேன், மீசை இருந்ததால் கேட்டேன். அண்ணன் குனிந்து கொசுவத்தைச் சரி பண்ணிக்கொண்டே சொன்னது, மொத வருஷம் தங்கச்சி கல்யாணத்துக்கு நேந்தேன், அது முடிஞ்சு அவளுக்கு ரெண்டு பிள்ளை ஆயாச்சு, இப்ப ஒண்ணும் இல்ல, இது எனக்கு. தவசிக்கனி மாமா ஒண்ணும் சொல்லலியா என்றேன். மாமா முன்ன நின்னு எனக்குன்னுதான் சொல்லுதேன், அவரு மேலயும் கீழயும் பாப்பாரு, கட்டிக்கிடும்பாரு, அம்மா இன்னைக்கு வரைக்கும் வேண்டாம்னு சொல்லல என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது. எனக்கு. அவ்வளவுதான் சொன்னது. யாரும் படுக்கவில்லை, அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், இருந்தும் அது கட்டுகிறது. அண்ணன் ஆம்பிளை, அதனால் மாமா விட்டிருப்பார். ஆம்பிளை சேலை கட்டுவதை விட்டவர் பொம்பளை மீசை வைப்பதை விட மாட்டாரா. மாட்டார் என்றால் மாட்டார். போஸ் என்ன செய்வான், அவனுக்கு விசா வேண்டும். விசாவுக்கு எமன்தானா கட்ட வேண்டும், எமனைக் கட்டிக்கொண்டு போனால் எந்த ஆபீஸில் உள்ளே விடுவார்கள். இதை நினைத்ததும் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. என் சத்தம்தான். சின்னது. மீசை பரணில் டப்பாவுக்குள் இருக்கிறது, முகத்தில் ஒன்றுமே இல்லை, இருந்தும் வந்தது. கை என்ன செய்கிறது. மடியைப் பார்க்கிறேன். பிளேடு கீழே கிடக்கிறது, எப்போது போட்டேன் தெரியாது, ஊசியில் கறுப்பு நூல் கோத்திருக்கிறது, பிரித்த பக்கத்தை அக்குளிலிருந்து கீழே தைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், அந்தப் பழைய பொட்டு வரிசையிலேயே, ஒரு பொட்டு தப்பாமல், என் அளவுக்கு. பாதி இடுப்புக்கு வந்துவிட்டது. விரலில் அறுத்த இடம் எரிகிறது. நன்றாக எரிகிறது. வாசலில் செருப்புச் சத்தம், தவசிக்கனி மாமா குரல், யாருக்கு என்ன வேஷம் என்று கேட்க அவர் இன்றைக்குத்தான் வீடு வீடாக வருவார் என்று தெரியும், அத்தை நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள், இந்த வருசம் எமன் சின்னவனுக்கு என்று அத்தை சொல்வது கேட்கிறது, அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை, சட்டை ஒங்க மருமவகிட்ட இருக்கு, அது வந்து வாயால சொல்லட்டும் என்கிறார், ஏட்டி வெயிலு, இங்க வா என்கிறார்கள் அத்தை, வருகிறேன், ஊசியைக் குத்தி வைத்துவிட்டு வருகிறேன், வராந்தாவில் நின்றவனே இப்போ நீ வராதே, இது உனக்கு இல்லை, போஸ் தம்பி கோவிச்சுக்கிட வேண்டாம், ஒங்களுக்கு ராசா வேஷத்துக்குச் சட்டை நானே தச்சுத் தாரேன், மாமா, எமன் எனக்கு, பிள்ளைக்கு இல்ல, அவ நல்லா இருக்கா, ஏட்டி காது கேக்கலியா, மாமா எந்திரிக்கப் போறாவ, வந்து சொல்லிட்டுப் போ, இந்தா வந்துட்டேன் அத்தை, வேண்டுதல் ஒண்ணும் கிடையாது மாமா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், எல்லாரும் நல்லா இருக்கும்போதே நான்